வேலாயி வீட்டுத் தேத்தண்ணியும் நிரஞ்சலாவின் ஒரு மணித்தியாலமும்

வாழ்க நிரஞ்சலா! பனிதவழ் நெடுவரைகள் தோள்கோத்து நிற்கும் ஊவா நன்னாட்டில், பசறைக்கு மேலே, பஸ்ஸில் ஏறியோர் வாந்தியின்றி இறங்கியதாக வரலாறு இல்லாத வளைபெரும் பாதையின் முடிவிலே கிடக்கும் தோட்டத்தில், விடியுமுன் மலையேறி, அட்டைகளின் முத்தங்களைக் கணுக்காலில் ஏற்று, முதுகிலே கூடையும் வயிற்றிலே ஐந்து மாதச் சிசுவும் ஒருங்கே சுமந்து, பத்து விரல்களும் பத்து வாட்களாகக் கொழுந்தின் தலைகொய்து மீளும் கோமகள் வாழ்க! யானையை வென்றாரைப் பாடினர் சிலர். கடலைக் கடந்தாரைப் பாடினர் வேறு சிலர். யாமோ, சாப்பிட்ட பின்பு ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி குடியாதிருந்தவளைப் பாடப் புகுந்தோம். எளிய செயல் என்று எண்ணிச் சிரிப்போர், தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் அதைச் செய்துவிட்டு வந்து சிரிக்கக் கடவர்.

அருள்க, இரும்புச்சத்து என்னும் பெருந்தேவே! கீரையிலும் பருப்பிலும் கருவாட்டிலும் எளியோர்க்கென ஒளிந்திருப்பவனே, ஈரலிலே முழுக்கோலத்தோடு எழுந்தருளியும் ஈரலின் விலையென்னும் கோட்டை மதிலால் லயமென்னும் வரிசைவீட்டு அடியார்க்குத் தரிசனம் மறுப்பவனே, எம் தலைவியின் குருதியில் வந்து சற்றே குடியிருப்பாயாக!

இனிப் பகைவன் பெருமை. அவன் சாயவேந்தன், செம்பொன்மேனியன், ஆவியே கொடியாக உடையவன். காலையில் ரொட்டியோடு வருவான், பகலில் சோற்றின் பின்னே வருவான், மாலையில் ஒன்றுமில்லாதபோது தனியாக வருவான். கல்யாண வீட்டில் அவன். சாவு வீட்டில் அவன். வேலைநிறுத்தத்தில் அவனே முதற் போராளி. கறி குறைந்த நாளில் சோற்றுக்கு மேலே ஊற்றப்பட்டுக் குழம்பு வேடம் தாங்குபவனும் அவனே. எல்ல என்னும் ஊர்ப்பக்கம் ரயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர், 'உடலுக்கு உகந்தது, உள்ளத்துக்கு உரம்' என்று பலகையிலே படித்துக் கேக்கோடு சேர்த்துப் பருகுவது அவனுடைய உயர்குலத்துக் கிளை. அக்கிளையைச் சலித்தெடுத்துக் கப்பலேற்றிய பின் மிஞ்சும் தூளே லயத்துக்கு வரும். இவ்வளவு சீர்மிக்க வேந்தன், சோற்றோடு வயிற்றுக்குள் நுழையும்போது அங்குள்ள இரும்பையெல்லாம் பிடித்துக் கட்டிக்கொண்டு வெளியேறும் கள்வனும் ஆவான் என்பதை அவனைக் கொய்து கொடுத்த பெண்களுக்கு எவரும் நூறாண்டாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாவம், வேந்தனின் மனம் புண்பட்டிருக்கும்.

சொன்னவள் நளீரா மிஸ்ஸி. பதுளையிலிருந்து வந்து, தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்க்கும் பிள்ளைமடுவத்தின் பின்னறையில் கர்ப்பிணிகளுக்குக் கிளினிக் நடத்தும் மருத்துவிச்சி அவள். குரல் முரசு, ஊசி வேல். நிரஞ்சலாவின் விரல்நுனியைக் குத்தி எடுத்த துளியைச் சோதித்த மிஸ்ஸியின் புருவங்கள் வில்லென வளைந்தன.

"ரத்தம் காணாது மகள். பதினொண்டு இருக்க வேண்டிய இடத்துல ஒம்பது கூட இல்ல. குடுத்த இரும்பு மாத்திரையெல்லாம் எங்க? கோழிக்குப் போட்டீங்களா?"

"ஐயோ இல்லீங்க மிஸ்ஸி. ஒரு நாளு விடாம போட்டேனுங்க."

"எதோட போட்டீங்க?"

"தேத்தண்ணியோடதாங்க. அப்பதான் கசப்பு தெரியாம எறங்குது."

மிஸ்ஸி தலையில் கைவைத்துக்கொண்டாள். கருவூலத்துக்கு அனுப்பும் பொன்னைக் கள்வர்தலைவனின் வண்டியிலேயே ஏற்றி அனுப்பினால் அது எங்ஙனம் போய்ச் சேரும்? பிறகு எழுந்தது ஆணை: "சோத்துக்கு முன்ன ஒரு மணித்தியாலம், பொறகு ஒரு மணித்தியாலம், தேத்தண்ணி வாணாம். மாத்திரைய புளிக்கிற தேசிக்கா தண்ணியோட போடுங்க. இப்பிடியே போனா புள்ள நிறை கொறஞ்சு பொறக்கும். உங்களுக்கும் பிரசவத்துல ரத்தம் போனா தாங்காது. வெளங்குதா?"

விளங்கிற்று. மிஸ்ஸியின் தலைக்கு மேலே சுவரில், சமநிலை உணவு எனும் வண்ணச் சித்திரம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் முழுமீன் ஒன்று, முட்டைகள், பாற்குவளை, மலைபோல் பழங்கள், நடுவே சிரித்த முகத்தோடு தட்டின்முன் அமர்ந்த ஒரு குடும்பம். அந்தக் குடும்பம் எந்தத் தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்கிறது என்று கர்ப்பிணிகள் பலகாலமாக வியந்து வந்தனர். அச்சித்திரம் கட்டளையிட்ட எதையும் நிரஞ்சலாவால் நாளையே வாங்க இயலாது. ஆனால் குடியாதிருப்பதற்குக் காசு வேண்டாம் அல்லவா? வறியோர்க்கு வழங்கப்படும் வைத்தியங்களில் இதுவே முதன்முறையாக அவள் கைக்கு எட்டுவதாயிருந்தது.

ஆகவே அவள் அன்று மாலையே சபதம் ஏற்றாள். அவள் கொழுநன் ஜெயகுமார், தோட்டத்துக்கும் பசறைக்கும் இடையே ஆட்டோ ஓட்டும் தேரோட்டி, சபதத்தின் வேகத்தில் தானும் எழுந்தான். "நீ குடிக்கலன்னா நானும் குடிக்க மாட்டேன் புள்ள! இந்த வீட்டுல சோத்துக்கப்புறம் அடுப்புல கேத்தல் ஏறக்கூடாது!" என்று அவன் முழங்கியபோது கூரைத்தகரம் அதிர்ந்தது. மறுநாள் பகல் சாப்பிட்டு எழுந்தவன், ஆட்டோவின் பிரேக்கைச் சற்றுப் பார்த்து வருவதாகச் சொல்லிச் சந்திக் கடைக்குப் போய், பிரேக்கில் இஞ்சி வாசம் வீசத் திரும்பி வந்தான். நிரஞ்சலா ஒன்றும் கேட்கவில்லை. பெருவீரர்களின் தியாகத்தை நுணுகி ஆராய்வது தகாது.

அவளோ நின்றாள். மலையில் பகற்சோறு உண்டபின் தோழியர் போத்தல் மூடியைத் திறக்க, சாயவேந்தனின் மணத்தூதர் மூக்கினுள் புகுந்து 'வா, வா' என்று அழைக்க, நெற்றிப்பொட்டில் தலைவலியின் சம்மட்டிகள் இறங்க, அவள் வாய்மூடி, முகந்திருப்பி, எதிர்மலையைப் பார்த்தே நேரத்தைக் கொன்றாள். இரண்டு வாரம் இவ்வாறு போயிற்று. மூன்றாம் வாரத்தில் வேலாயி புதுவீடு குடிபோனாள்.

வேலாயி யார்? லயத்தில் நிரஞ்சலாவின் அடுத்த அறையில் இருந்த காம்பராக்காரி. இருவருக்கும் இடையே சுவர் ஒன்றுண்டு, அது சத்தத்தைத் தடுக்கும் வழக்கம் உடையதன்று. நிரஞ்சலாவின் மூத்த மகள் பிறந்தபோது பதுளை ஆஸ்பத்திரிக்கு வண்டி வரும்வரை அவளை மடியில் சாய்த்துக்கொண்டு இருந்தவள் வேலாயி. ஊரெங்கும் புகழ்பெற்றது அவள் ஆற்றும் தேத்தண்ணி. இஞ்சி தட்டி, பால்மா கரைத்து, ஒரு முழ உயரத்திலிருந்து அருவியென இறக்கி, நுரைமுடி சூட்டி அவள் நீட்டினால், பகைத்து நின்ற பங்காளிகளும் குடித்து முடிக்கும்வரை பேசாதிருப்பர். அவர்கள் லயத்துக்குப் பின்னே நின்ற மலை சரியக்கூடும் என்று அறிஞர் குழு அறிவித்து, அந்த அறிவிப்பைத் தாங்கிய பலகையே இருமுறை சரிந்து விழுந்து, பல மழைக்காலங்கள் கழிந்த பிறகு, வேலாயிக்குத் தனிவீடு கிடைத்திருந்தது. பிறந்ததிலிருந்து ஒற்றைக் காம்பராவில் வாழ்ந்தவள், தனக்கென்று சமைக்க ஒரு குசினியும், அந்தக் குசினிக்கென்று ஒரு ஜன்னலும் பெற்றாள். அந்த ஜன்னலை அவள் நாளுக்கு எத்தனை முறை திறந்து மூடினாள் என்பதைக் கீல்களே அறியும்.

குடிபுகும் நாளில் பால் பொங்கிற்று, பந்தி விரிந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், முருங்கைக்கீரைச் சுண்டல், அப்பளம், பாயாசம். நிரஞ்சலா கீரையை இருமுறை கேட்டு வாங்கி உண்டாள். அப்போதுதான் குசினியின் வாயிலில் வேலாயி தோன்றினாள். மற்றையோர்க்குப் பெருஞ்சட்டியிலிருந்து வாளியில் தேத்தண்ணி போக, அவள் கையில் மட்டும் தனியே ஆற்றிய ஒரு கண்ணாடி கிளாஸ். புது வீட்டில், புது அடுப்பில், தன் கையால் முதன்முதல் ஆற்றியது. நுரை கிரீடமாக நிற்க, ஆவி கொற்றக்கொடியாகப் பறக்க, நேராக நிரஞ்சலாவை நோக்கி வந்தது.

"இந்தா புள்ள. ஒனக்குன்னே தனியா ஆத்துனேன். குடி."

"அக்கா, ஒரு மணித்தியாலம் கழிச்சு குடிக்கட்டுங்களா? மிஸ்ஸி சாப்புட்டவொடன குடிக்க கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

மூன்று வெற்றிலைகள் மெல்லப்படாமல் நின்றன. வாளி சுமந்தவன் வாளியோடு உறைந்தான். மலைநாட்டில் ஒரு வீட்டுத் தேத்தண்ணியை மறுப்பவள் அந்த வீட்டையே மறுப்பவள் ஆவாள். மறுப்பவரின் மனத்தில் எந்தப் பழங்கணக்கு ஓடுகிறது, யார் கையால் யார் வாங்கிக் குடிப்பர், யார் குடியார் என்பதை அங்கு எல்லாரும் அறிவர், எவரும் வாய்திறந்து சொல்லார். வேலாயி சொன்னாள்.

"ஏன், எங்க கையால வாங்கி குடிச்சா தொண்டையில எறங்காதோ?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா!"

"லயத்துல இருந்தப்ப எறங்குச்சு. இப்ப தனி வீடு கெடச்சிருச்சுல்ல, எறங்காது."

எரிமலை வாய்திறந்ததென்று எழுதலாம். ஆயின் ஊவாவில் எரிமலை இல்லை, மண்சரிவே உண்டு. சொற்களால் அதுதான் நடந்தது. ஜெயகுமார் ஓடிவந்து மனைவியின் காதில், "ஒரே ஒரு வாய் குடிச்சிரு புள்ள, மானம் போவுது" என்று இரந்தான். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் இராமையா, தமக்கு எதிரே கூட்டம் எதுவாயினும் அது தம் பேச்சைக் கேட்கவே கூடியது என்ற உறுதியுடையவர், வாயில் பாயாசம் இருக்கையிலேயே எழுந்து பிரகடனம் செய்தார்: "தேயிலைய நம்பி வாழுற சமூகம் நாம! அந்த தேயிலைய வேணாங்கறது நம்ம வரலாறையே வேணாங்கற மாதிரி!" வரலாற்றைக் குடித்துக்கொண்டிருந்த சிலர் தலையசைத்தனர்.

நிரஞ்சலா எழுந்தாள். அழுதுவிடுவாள் என்று கண்டோர் கருதினர். அவளோ முற்றத்துப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு அமர்ந்தாள். "வேணாம்னு சொல்லலங்க்கா. இங்கயே ஒக்காந்திருக்கேன். நேரம் ஆனதும் ஒங்க கண்ணு முன்னாலயே குடிக்கிறேன். அது வரைக்கும் வீட்டுக்கு போகமாட்டேன்."

"அப்படியா? நானும் பாக்குறேன்டி."

வேலாயி மற்றொரு கதிரையை இழுத்தாள், எதிரே போட்டாள், அமர்ந்தாள். இருவர்க்கும் நடுவே ஒரு ஸ்டூல், ஸ்டூலின்மேல் கிளாஸ், கிளாஸின்மேல் ஒரு சிறுதட்டு. ஜெயகுமாரின் கைபேசி மணிகாட்டும் நாழிகை வட்டிலாக நியமிக்கப்பட்டது. இவ்வாறு தொடங்கிற்று அந்த முற்றுகை. பாடி முடிந்த பெரும்போர்களில் எல்லாம் மன்னர் ஒளிந்திருக்கச் சேனைகள் மோதின; இங்கோ சேனைகள் வேலியோரம் நின்று வெற்றிலை போட, அரசியர் இருவரும் முழங்காலுக்கு முழங்கால் எதிரமர்ந்து கண்ணிமையாது பார்த்தனர். கூட்டத்தில் பந்தயம் கட்டப்பட்டது. ஜெயகுமார் உட்படப் பெரும்பாலோர் சாயவேந்தன் பக்கமே நின்றனர்.

முதற்கட்டத்தில் நெற்றிப்பொட்டில் சம்மட்டி இறங்கியது. நிரஞ்சலா பல்லைக் கடித்தாள். மேற்கே மேகம் இறங்கி மலைமுடியை விழுங்கிற்று; ஈ ஒன்று வந்து தட்டின்மேல் உலாத்திவிட்டுச் சென்றது. நுரைக்கிரீடம் தட்டின் அடியில் மெல்ல மெல்ல இறங்கி, முடியிழந்த வேந்தன் மேலே ஓர் ஆடை படர்ந்தது. அதுவரை அடக்கிவைத்த கோபத்தை வேலாயி கேள்வியாக எறிந்தாள்.

"அப்படி என்னதான்டி சொன்னா அந்த மிஸ்ஸி?"

"ரத்தம் ரொம்ப கொறைவா இருக்காம். தேத்தண்ணி சோத்துல இருக்குற இரும்ப எடுத்துக்குமாம். புள்ள வளராதாம். பெறும்போது ரத்தம் போனா நான் தாங்க மாட்டேனாம்."

"தேத்தண்ணியா? தேத்தண்ணியா அப்படி பண்ணுது?"

"ஆமாங்க்கா. சோத்தோட குடிச்சாத்தான். தள்ளி குடிச்சா ஒண்ணும் பண்ணாதாம்."

வேலாயி கிளாஸைப் பார்த்தாள். பிறகு, யாரிடமும் சொல்வதுபோல் அல்லாமல், "நான் நாலு பெத்தேன். ரெண்டு தங்கல. ரெண்டும் கையளவுக்குத்தான் இருந்துச்சு. தல சுத்துதுன்னு சொன்னா, சூடா ஒரு தேத்தண்ணி குடிடின்னு குடுப்பாங்க. குடிச்சுக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் சொல்லலியே" என்றாள்.

இவ்விடத்தில் காவியத்துக்கு உவமை கிடைக்கவில்லை. வேலியோரத்தில் நின்ற மாதர் சிலரும் தத்தம் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தனர். தேத்தண்ணி ஒன்றினால்தான் அந்த இரு குழந்தைகளும் போயின என்று எந்த மருத்துவரும் சொல்லார். மலைக்குக் கூடை தூக்கியதும், ரொட்டிக்குச் சம்பல் மட்டுமே துணையாயிருந்ததும், ஆஸ்பத்திரி தூரமாயிருந்ததும் அந்தக் கணக்கில் உண்டு. வேலாயியின் கையில் அகப்பட்டது அந்த ஒரு கிளாஸ்தான்.

நிரஞ்சலா அவள் கையைப் பிடித்தாள். வேலாயி உதறவில்லை.

அதன்பின் போரின் முறை மாறிற்று. பந்தயத்தில் தோற்கும் நிலையிலிருந்த ஜெயகுமார், கிளாஸைத் தானே குடித்து வழக்கை முடித்துவிடலாம் என்னும் அரசதந்திரத்தோடு கைநீட்டியபோது, அந்தக் கையின்மேல் இடியென இறங்கியது வேலாயியின் உள்ளங்கை. "கைய எடுடா! அது அவளோடது!" தலைவர் இராமையா, இருதரப்பும் ஏற்கும் உடன்பாடாக அரைக் கிளாஸ் இப்போது, அரைக் கிளாஸ் பிறகு என்று முன்மொழிந்தார், சம்பளப் பேச்சுவார்த்தைகளில் அவர் நெடுங்காலம் பழகிய முறை அது. "தலைவரே, நீங்க பாயாசத்த பாருங்க" என்று வேலாயி அவரை இருத்தினாள். ஈற்றில் நிரஞ்சலாவுக்கே மனம் தளர்ந்தது. தலைவலி கண்ணுக்குள் இறங்க, நேரம் அநேகமாக ஆகிவிட்டதே, கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் என்ன என்று எண்ணி, தன்னையறியாமல் அவள் கை தட்டை நோக்கிச் சென்றது. தட்டின்மேல் தன் கையை அழுத்திவைத்துத் தடுத்தாள் வேலாயி.

"எடுக்காத. இன்னும் கெடக்கு."

"தல வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும். பல்ல கடிச்சுக்கிட்டு இரு. நான் இருக்கேன்ல."

சாயவேந்தனின் தலைசிறந்த சேனாபதி, தன் வேந்தனையே தட்டின்கீழ்ச் சிறைவைத்துக் காவல் நின்ற இந்த அதிசயத்தைக் கண்டு, மேற்கே இறங்கியிருந்த மேகமும் சற்றே விலகிற்று என்று எழுதுவது மரபு. உண்மையில் விலகவில்லை, தூறல் போட்டது. இருவரும் கதிரைகளையும் ஸ்டூலையும் கிளாஸையும் தூக்கிக்கொண்டு புதுவீட்டுத் தாழ்வாரத்துக்குள் நகர்ந்து, அங்கே முற்றுகையைத் தொடர்ந்தனர்.

பின்வருவனவற்றை முன்னறிந்து உரைப்பதும் எம் கடன். அடுத்தடுத்த கிளினிக்குகளில் நிரஞ்சலாவின் குருதி மெல்ல மெல்ல ஏறிற்று. தேசிக்காய்த் தண்ணியும் வேலாயி வேலியில் பறித்தனுப்பிய முருங்கைக்கீரையும் அதற்குப் பாதிக் காரணம் என்றாள் நளீரா மிஸ்ஸி. மீதிக்குக் காரணம் தான் குடியாதிருந்ததே என்று சந்திக் கடையில், தேத்தண்ணி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஜெயகுமார் பலரிடம் விளக்கினான். பிள்ளை, வீல் என்று அலறிக்கொண்டு நல்ல நிறையோடு பிறந்தது. அதைத் தூக்கிப் பார்த்த வேலாயி, "நல்லா கனக்குது" என்றாள். மிஸ்ஸி பின்னொரு நாள் லயத்துப் பெண்களைக் கூட்டிச் சத்துணவுப் பேச்சு ஒன்றை நிகழ்த்தினாள். அக்கூட்டம் முடிந்ததும் வந்திருந்த அதிகாரிகள் அனைவருக்கும், வடையோடு சேர்த்து, சுடச்சுடத் தேத்தண்ணி வழங்கப்பட்டது என்பதைச் சொல்லாது விடின் வரலாறு எம்மை மன்னியாது.

திரும்புக, தாழ்வாரத்துக்கு! நாழிகை வட்டிலாகிய கைபேசி கூவிற்று. கூட்டம் எழுந்தது. மழைக்கு ஒதுங்கிய சேவல் ஒன்று கழுத்தை நீட்டிற்று. வேலாயி தட்டை எடுத்தாள். ஆறிக் குளிர்ந்து, ஆடை தடித்து, கலங்கிய குளம்போல் கிடந்தான் முடியிழந்த வேந்தன்.

"இரு புள்ள, சுட வச்சு தாறேன்."

"வேணாங்க்கா. ஒங்க புது வீட்டுல எனக்கு ஆத்துனது இதுதான். இதையே குடிக்கிறேன்."

மலைமகள், கொழுந்து கொய் கோமகள், குருதி காத்த கொற்றவை, சபதம் தவறாச் செல்வி, இரு கைகளாலும் அந்தக் கிளாஸை ஏந்தி, மரியாதையோடு நெற்றிவரை உயர்த்தி, கூடியிருந்தோர் மூச்சடக்கி நிற்க, ஒரு சொட்டும் மிச்சம் வையாமல் ஒரே மூச்சில் அண்ணாந்து பருகிக் கீழே வைத்தாள்.

வேலாயி அதில் சீனி போட மறந்திருந்தாள்.